செயப்பாட்டு வினை

மாதத்தின் முதல் சனிக்கிழமை
வல்கரிங் பள்ளத்தாக்கில்
நாற்பத்தொரு குழாய்களுக்குள் நாடா இறக்குகிறோம்.
நுனியில் கட்டிய பித்தளைக் குப்பி
நிலத்தடி நீரைத் தொட்டதும்
'ளொப்' என்று ஒரு சத்தம்.
அதற்காக ஆறு பேர்
மூச்சடக்கிக் குனிந்து நிற்பதைச்
சாலையில் போகிறவர்கள்
பிரார்த்தனை என்று நினைக்கக்கூடும்.

முன்பு முப்பது பேர்.
மானியம் வந்த வருஷங்களில்
தொப்பிகூடக் கொடுத்தார்கள்.
தொப்பி இன்னும் இருக்கிறது.
டீசல் அவரவர் செலவு.

கூட்டக் குறிப்பு என் பொறுப்பு.
குழாய் பதினேழு,
தொண்ணூற்றொன்றில்: ஆறு மீட்டர்.
இப்போது: ஒன்று புள்ளி நாலு பூஜ்யம்.
தண்ணீர் மேலே வருகிறதென்றால்
வேறு ஊரில் மணியடித்துக் கொண்டாடுவார்கள்.
இங்கே அது
உப்பைத் தோளில் தூக்கிக்கொண்டு வருகிறது.
வந்த இடத்தில் கோதுமை நரைக்கிறது;
வேலிக்கம்பத்தின் கால்
வெள்ளை பூக்கிறது.

பழைய பதிவேடுகளும் என்னிடம்தான்.
'காடு அகற்றப்பட்டது.'
'நிலம் திருத்தப்பட்டது.'
ஆயிரமாயிரம் ஏக்கர்,
ஒரு கோடரிக்கும் பெயரில்லை.
இந்த மண்ணுக்கு உப்பிட்டவரை
உள்ளளவும் நினைக்க நாங்கள் தயார்.
எழுவாய்தான் கிடைக்கவில்லை.

யூனா என் தோளுக்கு மேலாகப் படித்துவிட்டுச் சொன்னாள்:
"யாரிடமிருந்து என்பதும் இல்லை, பார்த்தாயா?"
அவளுடைய ஆட்கள்
இந்தப் பள்ளத்தாக்கில் இருந்தார்கள்,
பதிவேடு பிறப்பதற்கு வெகு முன்பே.
நான் பக்கத்தைத் திருப்பினேன்.
வேறென்ன செய்ய.

தைலமரம் நிலத்தை உறிஞ்சிவிடும் என்று
உலகமெல்லாம் திட்டுகிறது.
எங்களுக்கு வேண்டியதே அந்தக் குடிகாரன்தான்.
ஜூலை மழையில்,
டெல்வின் ராட்கேயின் சரிவில்,
இரண்டாயிரத்து நூறு கன்று நட்டோம்.
டெல்வினுக்கு முட்டி மடங்காது;
தகரத்தைப் போட்டு அதில் உட்கார்ந்து
நகர்ந்து நகர்ந்து நட்டார்.
ஐவர் எண்ணிக்கையில் தப்பினான்,
மறுபடி எண்ணினான், மறுபடி தப்பினான்.
கையெல்லாம் சேறு, ரொட்டியிலும் சேறு.

ஞாயிறு காலை டெல்வின் தொலைபேசியில்
ஒரே வார்த்தை: "ஆடு."

நானூறு ஆடுகள், ஓர் இரவு.
குச்சிகள் மட்டும் நின்றன,
வரிசை கோணாமல்.

ஆகஸ்ட் கூட்டக் குறிப்பில் எழுதினேன்:
'வடக்குப் படல் திறந்து விடப்பட்டிருந்தது.'
இலக்கணப் பிழை ஏதுமில்லை.
அனைவரும் ஏற்றுக் கையொப்பமிட்டார்கள்.
கடைசியாக வெளியே வந்த வண்டி என்னுடையது.
மழை. கொண்டியைப் போட்டேன் என்று
எண்ணினேன், அல்லது எண்ண விரும்பினேன்.

யாரும் கேட்கவில்லை.
அடுத்த சனிக்கிழமை
படலின் கொண்டியில் ஒரு சிவப்பு நாடா,
ஆட்டுக்கு மருந்தடித்தால் கட்டும் நாடா.
யார் கட்டியதென்று யாரும் சொல்லவில்லை.
அதைப் பார்த்ததும் என் காது சுட்டது.

செப்டம்பர் கூட்டம்.
தேநீர் ஆறிக்கொண்டிருந்தது,
ஐவர் எலிவளை பற்றி ஏதோ பேசிக்கொண்டிருந்தான்.
நான் முந்தைய குறிப்பை வாசித்தேன்.
நிறுத்தினேன்.
"ஒரு திருத்தம்" என்றேன்.
பேனாவால் அடித்துவிட்டு
மேலே எழுதினேன்:
'படலை நான் சாத்தவில்லை.'

டெல்வின் தன் முட்டியைத் தடவிக்கொண்டார்.
"சரி, அடுத்த விஷயம்" என்றார்.
அடுத்த விஷயம்:
கன்று வாங்கக் காசு இல்லை.
விதை பொறுக்கலாம் என்றாள் யூனா,
எந்த மரம் எப்போது வெடிக்கும் என்று
அவளுக்குத் தெரியும்.

நேற்று, குழாய் பதினேழு.
ளொப்.
ஒன்று புள்ளி நாலு ஒன்று.
ஒரு சென்டிமீட்டர்.
நாடா நீண்டிருக்கலாம் என்றான் ஐவர்.
இருக்கலாம்.
அளந்தது யார் என்று ஒரு கட்டம் உண்டு படிவத்தில்;
இத்தனை வருஷம் காலியாக விட்டிருந்தோம்.
ஆறு பெயரும் அதில் அடங்கவில்லை.
ஓரத்தில் இடுக்கி எழுதினேன்.