ஊதிய சங்கு

கம்பிப் பொறிக்குள் நாய் பிஸ்கட் போதும்,
விரல் நீள மீன்கள் தாமே வந்து நிறையும்.
எலிசபெத் ஆற்றின் இந்த வளைவில்தான்
ரயில் கட்டைகளைத் தாரெண்ணெயில் ஊறப்போட்டார்கள்.
இன்றும் சேற்றில் துடுப்பைக் குத்தினால்
எண்ணெய் வானவில் மிதந்து வருகிறது.

படகோட்டும் வெர்லீன் சொன்னாள்:
"ஆர்லிஸின் சட்டையை வாசலுக்கு வெளியே கழற்றவைப்பேன்.
வாடை மட்டும் எப்படியோ உள்ளே வந்துவிடும்."

இரவு. நுண்ணோக்கி.
முட்டை கண்ணாடி மாதிரி, இதயம் தெரியும்.
தெளிந்த கழியில் பிடித்த மீனின் முட்டைகளுக்கு
இந்தச் சேற்றை வடித்த நீரில் ஒரு சொட்டு விட்டேன்.
சில நாளில் இதயம் நீண்டு, மெலிந்து,
ஊசியில் கோக்கலாம் போல் ஒரு நூல்.
இந்த ஆற்று மீனின் முட்டைகளிலோ
அது பாட்டுக்குத் துடிக்கிறது.

செல்லுக்குள் ஒரு புரதம்.
காது கொடுப்பதே அதன் வேலை.
தார் தொட்டதும் உட்கருவுக்கு ஓடும்,
ஏட்டைப் புரட்டும், கத்தி அடிக்கச் சொல்லும்.
கத்தி தாரை நறுக்கும்.
நறுக்கிய துண்டு சிலவேளை
முழுசைவிடக் கூர்.
நல்ல காவல்காரன்தான்.
வந்த திருடன் போய்விடுவான் என்று நம்பிக் கத்துகிறவன்.
இங்கே திருடன் குடியேறிவிட்டான்.

பிழைத்த மீன்களுக்கு அந்தக் காது மந்தம்.
செவிடன் காதில் ஊதிய சங்கு என்று
வீணானதைச் சொல்வார்கள்.
வீணானதால்தான் துடிக்கின்றன
என் கண்ணுக்கடியில் முந்நூறு இதயங்கள்.

ஆர்லிஸுக்கு நல்ல காது.
அவன் உடம்பில் ஒரு செல்லும் அசட்டையாய் இருந்ததில்லை.
இருபத்தோரு வருடம்
கேட்டது, ஓடியது, புரட்டியது, அடித்தது.

"அப்படியானால் மீன் கெட்டிக்காரனா?"
வெர்லீன் கேட்டாள்.
இல்லை. காது கேட்டவை செத்தன,
கேட்காத சில மிஞ்சின.
கெட்டிக்காரத்தனம் அதில் எங்கேயும் இல்லை.
அவள் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது சேற்றின் மேல் மணல் கொட்டுகிறார்கள்.
படகுகளில் சிப்பி ஓடு வந்து இறங்குகிறது.
தெளிந்த நீருக்கு மாற்றிய ஆற்று மீன்கள்
கோடை இரவில் மூச்சுக்குத் திணறுகின்றன,
மற்றவற்றைவிடச் சீக்கிரம்.
அந்தக் காது வேறு எதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்ததோ.
குறிப்பேட்டில் 'காரணம்' என்ற கட்டத்தை
வெறுமையாய் விட்டிருக்கிறேன்.

பொறியைத் திரும்பக் கட்டி முடித்து
படகுத்துறைக் குழாயில் வெர்லீன் கை கழுவினாள்.
முகர்ந்து பார்த்தாள்.
மறுபடி சோப்பு எடுத்தாள்.