சிராய்

"பெல்ட்டா, ஆர்பிட்டலா?" என்றான்
லாங்கு பஜார் அமீன்ஜான்.
என் காலைப் பார்க்காமல் கேட்டான்.
அதற்காகவே அவனிடம் வாங்கலாம்.

பெல்ட் மிஷின் நாலு கிலோ.
மரத்தில் வைத்ததும் முன்னால் பாயும்.
பிடித்து நிறுத்தக் காலூன்ற வேண்டும்.
சக்கர நாற்காலிக்காரனை அது
பாலாறுவரை இழுத்துக்கொண்டு போய்விடும்;
அங்கேயும் தண்ணீர் இருக்காது,
எண்பதாம் நம்பர் மணல்தான் இருக்கும்.

ஆர்பிட்டல் என்றேன்.
உள்ளங்கையில் அடங்குகிற தலை,
வட்டத் தகடு,
தூசிக்கு வாலில் ஒரு பை.

வேலை இதுதான்:
கட்டிலிலிருந்து நாற்காலிக்கு
நான் வழுக்கிப் போக ஒரு பலகை.
பூவரசு. இரண்டரை அடி, முக்கால் இஞ்சு.
பழையது பிளைவுட். ஓரம் பிளந்து
போன ஆடியில் தொடையில் ஏறிய சிராய்
எனக்குத் தெரியாது.
மூன்றாம் நாள் லுங்கியில் ஈரம் பார்த்து
யசோதாதான் கண்டுபிடித்தாள்.
ஆறு வாரம் குப்புறக் கிடந்தேன்.

பென்சிலால் குறுக்கும் நெடுக்கும் கிறுக்கு,
கோடு மறைகிறவரை ஓட்டு,
மிஷின் கனமே போதும், நீ அழுத்தாதே,
அழுத்தினால் சுருள்சுருளாய்க் கீறும்,
பாலீஷ் போட்ட பிறகு பல்லிளிக்கும்
என்று சொல்லித்தான் அனுப்பினான் அமீன்ஜான்.
அழுத்தினேன்.
தோளில் மிச்சமிருக்கும் பலத்தை வேறெங்கே வைப்பது?
செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால்
பலகை முழுக்கப் பன்றிவால்.
மறுபடி எண்பது.

நூற்றிருபதில் கரண்ட் போனது.
பாகாயத்தில் அத்தனை ஃபேனும் நின்ற அமைதியில்
பூவரசந்தூள் மெல்ல
என் மடியில் இறங்கிக்கொண்டிருந்தது.
சூடாக இருந்திருக்கும்.

நூற்றெண்பதைத் தாவப் பார்த்தேன்.
முடியாது.
எண்பதின் கீறலை நூற்றிருபதுதான் அழிக்கும்,
அதன் கீறலை அதற்கடுத்தது.
தாண்டிப் போனால்
கீறலுக்கு மினுக்கு ஏறும், அவ்வளவுதான்.

ஈரத் துணியால் துடைத்ததும்
படுத்திருந்த நாரெல்லாம் சிலிர்த்து எழுந்தது.
வெட்டி வருஷமாகிறது,
இந்த மரத்துக்கு இன்னும் சிலிர்க்கத் தெரிகிறது.
கொஞ்ச நேரம் பொறாமையாய் இருந்தது.
காயவிட்டு, மிஷினை ஓரம் வைத்து,
இருநூற்று இருபது உப்புத்தாளை மடித்து
ரேகை ஓடும் திசையிலேயே கையால் தேய்த்தேன்.
ஓரங்களை உருட்டினேன்.

யசோதா நைலக்ஸ் சேலைத் தலைப்பைப்
பலகைமேல் போட்டு இழுத்தாள்.
வந்தது, வந்தது,
இடது மூலையில் நின்றது.
ஒரு நூல்.
என் பத்து விரலும் தடவிப் பார்த்துச்
சரியென்று சொன்ன இடம்.

அன்றைக்கு ராத்திரி சாப்பாடு பத்தரைக்கு.

காலையில் பலகை போட்டு நகர்ந்தேன்.
பிரேக் போட மறந்த நாற்காலி விலகி ஓட,
இரண்டு பேரும் கத்தினோம், அப்புறம் சிரித்தோம்.
"எப்படிக் கீது, வழவழன்னு?"
கையை அடியில் விட்டுத்
தடவிப் பார்த்துச் சொன்னேன்.