சொத்து விவரத்தில் சேராதது

சமாதானபுரத்து வீட்டுக்குக் கிரையப் பத்திரம்
நான்தான் அடித்தேன்.
கிழமேலடி முப்பத்தாறு, தென்வடலடி ஐம்பத்தொன்று,
கிணறு, மோட்டார், மின் இணைப்பு, அதன் டெபாசிட்,
கதவு நிலை ஜன்னல்
எல்லாம் சேர்ந்தது.
கட்டிலடியில் கிடந்த கீபோர்டு மட்டும்
எந்த வரியிலும் இல்லை.
"ரெண்டாயிரம் குடுத்துட்டு எடுத்துக்கிடுங்க" என்றாள்
ஜாய் ரெஞ்சிதம், சாவிகளை எண்ணியபடி.
ஷேர் ஆட்டோவில் மூன்று பேர் மடியில்
குறுக்கே படுத்து வந்தது
வண்ணாரப்பேட்டை வரை.

பதினெட்டு வருஷம் டைப் அடித்த விரல்கள்.
ஹையர் பாஸ், இரண்டு மொழியிலும்.
கட்டைவிரலுக்கு இதுவரை ஒரே வேலை:
இடம் விடுவது.
இங்கே அதுதான் முதல் விரல்.
ஒன்று இரண்டு மூன்று என்று ஏறியதும்
உள்ளங்கைக்கு அடியில் நுழைந்து
நாலாவது கட்டையில் அது போய் நிற்க வேண்டும்,
அங்கிருந்து திரும்பவும் ஒன்று முதல் ஐந்து.
நுழைய மாட்டேன் என்கிறது.
நிரம்பிய பந்தியில்
இலை பிடிக்கத் தெரியாதவனாக
ஓரத்தில் நிற்கிறது.
முழங்கை எழுந்து உதவிக்கு வருகிறது.
முழங்கை எழக்கூடாது என்கிறது செல்போன்.

கார்டு எனக்குச் சட்டென்று பிடிபட்டது.
ஒன்றை அமுக்கு, ஒன்றை விடு,
ஒன்றை அமுக்கு, ஒன்றை விடு, ஒன்றை அமுக்கு.
மூன்று எல்லைக்கல்.
நடுக்கல்லை மட்டும் பிடுங்கி
இடப்பக்கத்துக் கறுப்பில் நட்டால்
அதே மனைதான்,
ஓரக்கல் இரண்டும் அசையவில்லை,
ஆனாலும் உள்ளே ஒரு வீடு அழத் தொடங்கும்.
ஆபீசில் பார்த்திருக்கிறேன்.
பருத்திப்பாட்டு அண்ணன் தம்பி
அரையடி நகர்ந்த கல்லுக்காக
ஆறு வருஷம் பேசாமல்
ஒரே பெஞ்சின் இரண்டு முனையில் உட்கார்ந்திருந்தார்கள்.
எழுந்தால் மற்றவன் விழுவான் என்று
எழாமலும் இருந்தார்கள்.

நடுவிலுள்ள ஏ கட்டை மட்டும் பேசாது.
மற்ற ஸ்டிக்கரெல்லாம் தேய்ந்திருக்க
அதன் எழுத்து மட்டும் புதுக்கருக்கு அழியவில்லை.
ஜங்ஷனில் காட்டினேன்.
"பார்ட்டு கிடைக்காதுக்கா. அத விட்டுட்டு வாசிங்க."
விட்டுவிட்டு வாசித்தால்
எஃப் கார்டில் ஓரக்கல் இரண்டும்தான் நிற்கின்றன.
சிரிப்பா அழுகையா,
வில்லங்கம் போட்டுப் பார்த்தாலும் தெரியாது.

முப்பிடாதிக்கு இந்த மாதம் முழுக்க நைட் டூட்டி.
பத்தரைக்கு மேல் ஹெட்போனை மாட்டிக்கொள்வேன்.
ஏறுவேன், ஆறாவது படியில் கால் வைக்க இடமிருக்காது,
தாண்டி ஏறுவேன்.
மூன்றாவது வாரம், ஒரு வியாழக்கிழமை,
எட்டும் கேட்டது.
முழுசாக.
தட்டத் தட்டத் தானே சரியாகிவிட்டது என்று
ஜங்ஷன் பையனை மனசுக்குள் வைதேன்.
அப்புறம் ஒரு நாளும் அது தவறவில்லை.

சனிக்கிழமை வாடகை கொடுக்கக் கீழே போனேன்.
சவரியடியான் நோட்டை எண்ணவில்லை.
"ராத்திரி டொக்கு டொக்குன்னு கேக்கு.
அது கெடக்கட்டும், எலின்னு நெனச்சுக்கிட்டோம்.
அஞ்சு தட்டு தட்டிட்டு
ஏன்னு ஒரு சத்தம் குடுக்க.
கீழ நாங்க ரெண்டு பேரும்
என்னமோ ஏதோன்னு எந்திச்சு உக்காந்தா
மறுபடி டொக்கு டொக்கு.
யாரத்தான் கூப்பிடுத?"

ரசீதை வாங்கி மடித்தேன்.
இன்னும் சின்னதாக மடித்தேன்.

அன்று ராத்திரி உதட்டைக் கடித்துக்கொண்டு ஏறினேன்.
ஒரு காதை மட்டும் மூடாமல் விட்டிருந்தேன்.
ஒன்று இரண்டு மூன்று,
கட்டைவிரல் நுழைந்தது, முதல்தடவையாக
முழங்கையைக் கூப்பிடாமல்.
ஐந்தாவதும் ஆயிற்று.
ஆறாவதை அமுக்கினேன்,
அமுக்கியபடியே இருந்தேன்.
கொசுவத்தி சாம்பல் ஒரு வளையம் விழுந்தது.

கீழேயிருந்து
தூக்கம் கலைந்த குரலில் சவரியடியான்:
"ஏ...
என்னாச்சு?"