இரண்டு புள்ளி நான்கு

நாற்காலி போடுவது என் வேலை.
நாற்பது போட்டால் பதினேழு நிரம்பும்.
கருந்துளை என்றால் மட்டும்
சன்னல் விளிம்பிலும் ஆள்.
கருந்துளையால் இதுவரை
இந்த ஊரில் ஒரு சுவரும் விரிசல் விட்டதில்லை.

கத்தோவித்சேயில் ஏறினால்
டிராமில் முக்கால் மணி நேரம்,
பிட்டோம் நூலகம், இரண்டாம் மாடி.
மாதத்தின் மூன்றாம் செவ்வாய், மாலை ஆறரை.
பெருநகர வட்டாரத்துக்கே ஒரே சுவரொட்டி,
பதினான்கு இடங்கள்.
எங்கள் பெயருக்கு வரும்போது
எழுத்து எறும்பாகிவிடும்.

நவம்பரில் தலைப்பு: நிலம் ஏன் அதிர்கிறது?
பேச வந்தவர் முனைவர் இடாலியா சொபியெராய்,
கடலோரத்து க்தின்யாவிலிருந்து
ஒரு பகல் முழுக்க ரயிலில்.
கூட்டம் இருபத்து மூன்று. எண்ணினேன்.
மருந்துக்கடை ரொஸ்விதா,
வேலை முடிந்து கையுறையோடு வந்த
டிராம் ஓட்டுநர் எவால்ட்,
வீட்டு ஹீட்டரை மிச்சம் பிடிக்க வரும் இருவர்
(பெயர் சொல்ல மாட்டேன், மானம் எல்லோருக்கும் உண்டு),
வருகைச் சான்றிதழுக்காக ஆறு மாணவர்கள்,
இன்னும் சிலர்.

முதல் படம் கண்டத்தட்டுகள்.
அப்புறம் ஜப்பான். அப்புறம் சிலி.
எவால்ட் கொட்டாவியை மென்று விழுங்கினார்.
"நல்லவேளை, உங்கள் பகுதி
தட்டுகளின் விளிம்புக்கு வெகுதூரம்" என்று
ஆறுதல் சொன்னவர் வாய் மூடவில்லை.

முதலில் தேநீர்க் கரண்டிகள் பேசின.
பிறகு கலைக்களஞ்சிய அலமாரி.
பிறகு விளக்குச் சங்கிலி,
முடிவெடுக்க முடியாதவர் தலைபோல்
இடம், வலம்.
திரையில் சிலி
கொஞ்சம் கிழக்கே போய்த் திரும்பி வந்தது.

பேச்சாளர் மேசைக்கடியில்.
வேறு யாரும் அசையவில்லை.
ரொஸ்விதா மட்டும் தலை சாய்த்து,
மாத்திரை எண்ணும் குரலில்,
"இரண்டு புள்ளி நான்கு."
"புள்ளி ஐந்து" என்றார் எவால்ட்,
"வடக்குச் சுரங்கம். எழுநூறு மீட்டர் ஆழம்."
"கிண்ணம் கவிழவில்லையே, இரண்டைத் தாண்டாது"
என்றார் ஹீட்டருக்கு வந்தவரில் ஒருவர்.

பொறுமைக்கு பூமியை உவமை சொல்லும்
ஊர்கள் எங்கோ உண்டாம்.
இங்கே சொன்னால் சிரிப்பார்கள்.
கரி அள்ளிய வெற்றிடத்தின் மேல்தான்
பள்ளிக்கூடம், தேவாலயம், இந்த நூலகம்.
நிலம் கணக்கு வைத்திருக்கிறது.
அவ்வப்போது வட்டி கேட்கும்.

முழங்காலில் தூசியோடு எழுந்தார்.
முகம் சிவந்திருந்தது.
வெட்கம் என்றுதான் நினைத்தேன்.
திரையை அணைக்கச் சொல்லி
ஒரு நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டு,
"எப்படித் தெரிந்தது?" என்றார்.
"மெதுவாகச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்."

அதன்பின் நடந்தது உரையா சந்தையா தெரியாது.
கண்ணாடி டம்ளர் சிணுங்கினால் இவ்வளவு,
நாய் முந்தி எழுந்தால் இவ்வளவு,
மறுநாள் கதவு மூட மறுத்தால்
எண் எதற்கு, நகராட்சிக்கு மனு.
பதினோரு ஆண்டாக ரொஸ்விதா
கடைச்சுவர் விரிசலின் நுனியில்
பென்சிலால் தேதி போட்டு வருகிறாள்.
எதிர்வீட்டுக்காரி நான்
அன்றுதான் அறிந்தேன்.
மாணவர்கள் சான்றிதழை மறந்தார்கள்.
இருவர், நம்பமாட்டீர்கள், கேள்வியே கேட்டார்கள்.

எட்டரைக்குக் காவலாளி
விளக்கை அணைத்துப் போட்டுக் காட்டினார்.
ஒன்பதுக்கு மறுபடியும்.
"கடைசி ரயில் போயிருக்கும்" என்று
இடாலியா சொன்னது யாரிடமும் அல்ல.
பேனா நிற்கவில்லை.

மறுநாள் நிலநடுக்க நிலையம் சொன்னது
இரண்டு புள்ளி ஏழு.
யாருமே சரியில்லை.
அதுவும் எனக்குப் பிடித்திருந்தது.

மாதாமாதம் ஒரு படிவம் அனுப்பவேண்டும்.
"உரையாற்றியவர்" என்ற கட்டத்தில்
இருபத்து மூன்று பெயர் எழுதினேன்,
இடம் போதாமல் ஓரத்தில் ஏறி, பின்பக்கம் இறங்கி.
"பார்வையாளர் எண்ணிக்கை": ஒன்று.
சிவப்பு மையில் கேள்விக்குறியோடு
திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.
மேசை இழுப்பறையில் கிடக்கிறது, திருத்தவில்லை.

அடுத்த மாதம் கருந்துளை.
பக்கத்துப் பள்ளியில்
நாற்காலி கடன் கேட்கவேண்டும்.