நூற்றெண்பத்து நாலு

அம்பிளாந்துறையில் கடைசி மின்கம்பம்
என் வேலிக்குள் நிற்கிறது.
அதற்கப்பால் கம்பி இல்லை, வயல்தான்.
வாவியைக் கடந்து வருகிற கறண்ட்
எல்லா வீட்டிலும் இருந்து எழும்பி
என்னிடம் வந்துசேரும்போது களைத்துப்போயிருக்கும்.
இது படுவான்கரை, சூரியன் படுக்கிற பக்கம்.
ஏழு மணிக்கு வோல்ற்றும் படுக்கும்.

பழுதான குளிர்ப்பெட்டிக்குள் சூட்டுக்கம்பி சுற்றி
நாட்டுக்கோழி முட்டை நூற்றெண்பது வைத்தேன்.
இருபத்தோராம் நாள் ஒன்றுமில்லை.
இருபத்துமூன்றில் கொஞ்சம் வந்தன,
கால் ஊன்றமாட்டாமல்.
மிச்சத்தை உடைத்துப் பார்த்தேன்.
அதைப் பற்றி எழுதமாட்டேன்.

மின்சாரக் கந்தோரில் சொன்னார்கள்:
“என்னகா, கறண்ட் இருக்குத்தானே?”
இருக்குத்தான்.
எவ்வளவு என்பதுதான் என் கேள்வி.

காத்தான்குடி நைசர் கடையில் ஒரு மீற்றர் வாங்கினேன்.
விடிய நாலு மணிக்கு அழுத்தம் இருநூற்று முப்பது,
ஓட்டம் தசம் நாலு.
மகளின் கொப்பியில் பின்பக்கம் கிறுக்கினேன்.
அதே இரண்டு எண்கள்தான்.
பெருக்கினால் வலு, தொண்ணூற்றிரண்டு வாட்.
வகுத்தால் தடை, ஐந்நூற்று எழுபத்தைந்து ஓம்.

தடை என்ற சொல்லோடு எனக்குப் பழக்கம் உண்டு.
துறையடியில் பையைக் கொட்டச் சொல்லி
ரோச் பற்றரி இரண்டைப் பறித்தெடுத்த காலத்தில்
அதை ஓமில் அளக்கலாம் என்று
யாரும் சொல்லவில்லை.

இரவு ஏழரைக்குத் திரும்ப வைத்தேன்.
நூற்றெண்பத்து நாலு.
தெய்வநாயகத்தின் நெல் ஆலை ஓடுகிற நேரம்.
ஓட்டம் தசம் மூன்று இரண்டு.
வகுத்துப் பார்த்தால் தடை அப்படியே,
அதே ஐந்நூற்று எழுபத்தைந்து.
கம்பி பொய் சொல்லவில்லை.
பெருக்கினேன். ஐம்பத்தொன்பதுகூட இல்லை.
அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் போனது,
சூட்டில் மூன்றில் ஒன்றுக்கு மேல்.
குறைவு தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும்.
இதைக் கடையில் கடன் வாங்கினவள்
யாரைக் கேட்டாலும் சொல்லுவாள்.

மறுகா கணக்கைத் தலைகீழாகப் போட்டேன்.
நூற்றெண்பத்து நாலிலும் தொண்ணூற்றிரண்டு வாட் வேண்டும்.
அதற்குத் தடை முந்நூற்று அறுபத்தெட்டு.
நூறு சுற்றுக் கம்பியில்
அறுபத்துநாலாம் சுற்றில் ஒரு வயரை முறுக்கி
வெளியே ஒரு சுவிச் வைத்தேன்.
மேலே தட்டினால் பகல், கீழே தட்டினால் இரவு.
தானாக அணைகிற கருவி ஒன்பதாயிரம் சொன்னான் நைசர்.
அது அடுத்த ஈட்டுக்கு.

ஆலை பத்து மணிக்கு நிற்கும்.
நின்றதும் வோல்ற்று எழும்பும்,
நானும் எழும்புவேன்.
சத்தத்தில் நித்திரை,
அமைதியில் விழிப்பு.
மனிசன் சிரித்தார்: உலகம் கிறுகிப் போச்சு.

பதினேழாம் நாள் ஆலையில் பட்டி அறுந்தது.
எட்டரைக்கே ஊர் அமைதியாகிவிட்டது.
நான் கிணற்றடியில்,
தலையில் சவர்க்கார நுரை.
வாளி அலம்புகிற சத்தம் மட்டும்
ஏன் இவ்வளவு பெரிதாய்க் கேட்கிறது என்று யோசித்து,
யோசனை முடியுமுன் ஓடினேன்.
இருநூற்று முப்பதும் முந்நூற்று அறுபத்தெட்டும் சேர்ந்தால்
நூற்று நாற்பத்து நாலு வாட்.
ஓடும்போதே தெரிந்தது அந்த எண்.
கதவைத் திறந்தேன், முப்பத்தொன்பது தசம் ஆறு.
சுவிச்சை மேலே தட்டி
ஈரச் சேலையால் விசிறினேன்.
கண்ணில் நுரை எரிந்தது.

பதினொன்று போனது.
நூற்று முப்பத்தெட்டு பொரித்தது,
இருபத்தோராம் நாள் விடியவே.
மற்றவை ஏனென்று தெரியாது.
எல்லாவற்றுக்கும் கணக்கில்லை.

இரண்டு நேர அளவையும் வாய்ப்பாட்டையும்
ஒற்றைத்தாளில் எழுதிக் கந்தோருக்கு அனுப்பினேன்.
கையொப்பம்: க. யோகமலர்.
பதில் வந்தது, தங்கள் முறைப்பாடு கவனத்தில் எடுக்கப்பட்டது.
பெட்டியின் ஒரு கால் கட்டை.
மடித்து அதற்குக் கீழே வைத்திருக்கிறேன்.
இப்போது ஆடுவதில்லை.