மூன்றே முக்கால் வெயில்

குகை என்பது எங்கள் பேட்டையின் பெயர்.
உள்ளே இருட்டு என்று நினைக்க வேண்டாம்.
சித்திரையில் தார் உருகி
செருப்போடு ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும்.
கடல்தான் இல்லை.
மேட்டூர்த் தண்ணீரை வடிகட்டி
பொட்டல உப்பைக் கொட்டி
வாளி வாளியாய்க் கலக்கி
நானே செய்தேன், நூற்றிருபது லிட்டர்.

நீல விளக்கு இருந்தவரை
தேர்க்கடை பொம்மைபோல் ஒளிர்ந்தன பவளங்கள்.
பச்சை, ஆரஞ்சு,
பெயர் தெரியாத ஒரு சிவப்பு.
ஆவணியில் ஒரே ஒரு இடி.
புது விளக்கின் விலை
என் சம்பளத்தில் பாதி.

பூபாலன் கொத்தனார் தளத்தை வெட்டினார்,
ஒன்றரை அடிச் சதுரம்.
"எல்லாரும் ஓட்டைய அடைக்கத்தான் கூப்பிடுவாங்க,
நீங்க ஒருத்தர்தான்..."
முடிக்காமல் சிமெண்ட் குழைத்தார்.

கண்ணாடி பதித்த மறுநாள்
தொட்டிக்குள் வெயில் இறங்கியது.
சுவரெல்லாம் நெளிந்தது.
காலண்டர்மேல், கேஸ் சிலிண்டர்மேல்,
கொடியில் கிடந்த பாவாடைமேல்
வலை வலையாய் ஒளி.
அன்று சோறு குழைந்துபோனது.

மூன்று வாரத்தில் பவளங்கள் பழுப்பாயின.
எடப்பாடியிலிருந்து வந்த அக்கா
மூக்கு ஒட்டப் பார்த்தாள்.
"ஐயோ, கறுத்துப் போச்சேடி.
வெயில்ல வெச்சா கறுக்காதா?"

அதே குரல்.
பதினோரு வயதில்
கபடி ஆடி வந்த சாயங்காலம்
கடலைமாவுக் கிண்ணத்தோடு
வாசலில் நின்ற குரல்.

சொன்னேன்:
அதுக்குள்ள பாசி குடியிருக்கு அக்கா,
கண்ணுக்குத் தெரியாத பாசி.
வெயிலை வாங்கி அதுதான் சமைக்குது,
இது உட்கார்ந்து சாப்பிடுது.
கறுத்தா வீடு நிறைய ஆள்னு அர்த்தம்.
வெளுத்தாத்தான் பயப்படணும்.
வெளுத்தா
எல்லாரும் போயிட்டாங்க.

அக்கா ஒன்றும் பேசவில்லை.
கண்ணாடியில் படிந்த தன் மூச்சை
முந்தானையால் துடைத்தாள்.

மெக்னீசியம் குறைவு என்கிறது சோதனைக் குப்பி.
மாடியேறினால் வடக்கே
மலையாய்க் கிடக்கிறது வெள்ளைக்கல்,
லாரி லாரியாய் மெக்னீசியம்.
நான் கூரியரில் வாங்குகிறேன்,
கால் கிலோ.

மேற்கு வெயிலைக் கல்யாண மண்டபம்
எப்போதோ எடுத்துக்கொண்டது.
தை பிறந்ததும் கிழக்கே
சின்னப்பையன் இன்னொரு தளம் எழுப்பினார்.
பெயர்தான் அப்படி, வயது அறுபத்திரண்டு.
"வெயிலா?" என்றார்.
"அதுக்கு யார்கிட்டம்மா பட்டா இருக்கு?"

கட்டடத்தை நிறுத்தச் சொல்லவில்லை.
உச்சியில் வைக்கப்போகும் தண்ணீர்த் தொட்டி
கறுப்பு பிளாஸ்டிக்காக வேண்டாம்,
எவர்சில்வரில் வையுங்கள்,
விலையில் கூடுவதை நான் தருகிறேன்.
"எதுக்கு?"
கடலுக்கு.
பணத்தை இரண்டுமுறை எண்ணி வாங்கிக்கொண்டார்.

இப்போது மூன்றே முக்காலுக்கு
மண்டபத்தின் தலைக்குமேல் வரும் வெயில்
அவர் தொட்டியில் பட்டு
என் தொட்டிக்கு வருகிறது.
இருபத்தைந்து நிமிடம்.
ஏற்காட்டு மேகம் இறங்கிய நாளில்
அதுவும் கிடையாது.

நேற்று மேகமே இல்லை,
வெயிலும் வரவில்லை.
படியேறி அவர் மாடிக்குப் போனேன்.
தொட்டியின்மேல் யாரோ
ஈரப் போர்வை காயப்போட்டிருந்தார்கள், நீலம்.
கூப்பிட்டேன், ஆள் இல்லை.
எடுத்து மடிக்க எனக்கு உரிமை இல்லை.
ஒரு பக்கம் சுருட்டிப் பிடித்துக்கொண்டேன்.

கீழே என் சதுரம் பற்றிக்கொண்டது.

இருபத்தைந்து நிமிடம் நின்றேன்,
முழங்கைவழி நீர் சொட்ட,
முதுகு முழுக்க வெயில்.
கறுத்துப்போவாய் என்று சொல்ல
யாரும் இல்லை அங்கே.