ஏழு

மின்சாரம் போனது.
க்விரிலா ஆற்றுக்கு மேலே
கம்பியில் தொங்கிய தகரப் பெட்டி
ஆடி ஆடி நின்றது.
சியாத்தூராவில் இதற்கெல்லாம் யாரும் அலறுவதில்லை.
எதிர்ப் பலகையில் இருந்தவர்
சுரங்கத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.
ஓதியா என்றார். லம்ஸிரா என்றேன்.
அவ்வளவுதான் பேச்சு.

சனிக்கிழமை எனக்குத் தேர்வு.
தேறினால் ஆலையின் சோதனைக்கூடம்,
இல்லையென்றால் பழையபடி
கழுவும் தொட்டியில் கல் பொறுக்கல்.
ஜன்னலில் இன்னும் அரைமணி வெளிச்சம் இருந்தது.
நோட்டைத் திறந்தேன்:
பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில்
மாங்கனீசின் ஆக்சிஜனேற்ற எண் என்ன?

ஆக்சிஜன் நான்கு பேர்,
தலைக்கு இரண்டு கறந்துகொள்வார்கள்.
மைனஸ் எட்டு.
பொட்டாசியம் ஒன்று தரும்,
அதற்குமேல் கையை விரித்துவிடும்.
உப்பு என்று பெயர் எடுத்தால்
மொத்தம் சுழியாகியே தீரவேண்டும்.
மீதி ஏழும் மாங்கனீசின் தலையில்.

அழித்துவிட்டு மறுபடி போட்டேன்.
ஏழுதான்.
வெளிப்புறத்தில் அதற்கு இருந்ததே ஏழு.
வழித்துக் கொடுத்திருக்கிறது.

கீழே ஆறு கறுப்பாகப் போய்க்கொண்டிருந்தது.
தூளாக மிதப்பதும் இதே உலோகம்தான்,
அங்கே அதற்கு நான்கு.
சல்பேட்டில் இரண்டோடு தப்பித்துவிடும்,
முகம் மட்டும் லேசாகச் சிவக்கும்.
ஒரே ஆள்
ரொட்டிக்கடையில் ஒரு தொகைக்கும்
மைத்துனன் வீட்டில் வேறொரு தொகைக்கும்
பதில் சொல்வதுபோல.

ஓதியா எட்டிப் பார்த்தார்.
இருபத்தாறு வருஷம் அதை வெட்டியவர்.
"ஏழா? கொடுத்ததா வாங்கினதா?"
கொடுத்தது.
"ரசீது இருக்கா?"

பாடப்புத்தகத்தின் அடியில்
பொடி எழுத்தில் இருந்ததைப் படித்துக் காட்டினேன்.
உள்ளே யாரும் எதையும் முழுதாகக் கொடுத்துவிடவில்லையாம்.
இரண்டு பேரும் நடுவில் பிடித்திருப்பார்களாம்.
யாருக்கு இழுப்பு அதிகமோ
அவர் பெயரில் முழுவதையும் எழுதிவிடுவது
கணக்குக்காக நாம் வைத்துக்கொண்ட வழக்கம்.

"எங்க ஆபீஸ்லயும் அதேதான்," என்றார்.
"எனக்கு ஒன்பது மாசச் சம்பளம் வரணும்.
அதுக்கு என்ன எண் போடுவே?"
அது பாடத்தில் இல்லை.

இருட்டியது. குளிர் தகரத்தின் வழியாக வந்தது.
கோட்டுப் பையில் அரை சோளரொட்டி வைத்திருந்தார்.
அந்த வருஷம்
ஒரு ரொட்டிக்கு ஒரு பை நிறையக் கூப்பன் தாள்கள்.
பிட்டார்.
கோணலாகத்தான் பிட்டது.
பெரிய துண்டை என் பக்கம் நீட்டினார்,
வேண்டாம் என்று நான் திருப்பித் தள்ள,
அவர் விடாமல் பிடிக்க,
சிறிது நேரம்
அது இரண்டு பேர் கையிலும் இருந்தது.

கம்பி உதறியது. பல்பு ஒன்று மினுக்கியது.
விடைக்கு முன்னால்
கூட்டல் குறி போட மறந்திருந்தேன்.
பெட்டி நகர நகரப் போட்டதில்
குறி கொஞ்சம் சாய்ந்துவிட்டது,
தாளில் ரொட்டித் தூள்.